பீரோவில் உறங்கும் பத்திரம்

மொழிபெயர்ப்பாளன் என்று ஒரு தெருவில் பெயர் வாங்கிவிட்டால் இலக்கியம் மட்டும் வந்து கதவைத் தட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அடுகோடியில் என் வீட்டுக்கு வந்து சேரும் காகிதங்கள் பலவகை. கன்னடத்தில் வந்த மாநகராட்சி நோட்டீஸ், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த துண்டுச் சீட்டு, வெளிநாட்டு மருமகளுக்குக் காட்ட வேண்டிய ஜாதகம். 2024இல் பின் தெருப் பெரியவர் கொண்டுவந்தது 14 பக்க ஆங்கிலப் பத்திரம். முத்திரைத் தாளின் ஓரங்கள் பழுப்பேறி, மடிப்பில் கிழிந்திருந்தது.

"தம்பி, இதைத் தமிழ்ல எழுதிக் கொடுங்க. வீட்ல அம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும்" என்றார்.

அவருக்கு வயது 82. ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து இளம் வயதில் பெங்களூருக்கு வந்தவர். அடுகோடியை மைக்கோ தொழிற்சாலையை வைத்து அடையாளம் சொல்லிய காலம் அது. (கம்பெனி 2008இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. எங்கள் தெருவில் அது இன்னமும் மைக்கோதான்.) அவர் ஒரு லேத் பட்டறை வைத்தார். பட்டறை ஒரு கட்டடம் ஆயிற்று. கீழே நான்கு கடைகள், மேலே மூன்று குடித்தனங்கள். 1983இல் ஆடிட்டர் ஒருவர் சொன்னபடி அந்தக் கட்டடத்தை ஒரு குடும்ப டிரஸ்டாக எழுதிப் பதிவு செய்தார். பத்திரம் பீரோவுக்குள் போயிற்று. அதை வெளியே கொண்டுவந்தது மாடிக்கு லிப்ட் போடும் ஆசை. அதற்கு வங்கியில் கடன் கேட்டார்கள். வங்கி வக்கீல் பத்திரத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். 41 வருடங்களில் அப்படிப் படித்த முதல் ஆள் அவர்தான்.

மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது முதல் சொல்லிலேயே தடுக்கியது. டிரஸ்ட் என்பதற்கு 'அறக்கட்டளை' என்று எழுதுவது நம் வழக்கம். ஆனால் சொந்தப் பிள்ளைகளுக்காகச் சொத்தை ஒதுக்கிவைப்பதில் அறம் எங்கே வந்தது? அறக்கட்டளை என்றதும் அன்னதானமும் பள்ளிக்கூடமும்தான் நினைவுக்கு வருகின்றன. தமிழில் 'கட்டளை' என்ற சொல்லுக்கே கோயில் வாசனை உண்டு. இன்ன நிலத்தின் வருவாயில் இன்ன விளக்கு எரிய வேண்டும் என்று ஒருவர் எழுதிவைத்தால் அது கட்டளை. நம் கல்வெட்டுகள் அதைச் 'சந்திராதித்தவரை' என்று, அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று, எழுதின. பெரியவரின் ஆடிட்டரும் ஆங்கிலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருந்தார்.

தர்மக் கட்டளைக்கு அந்த நீளம் பொருந்தும். பச்சையப்ப முதலியார் 1794இல் உயில் எழுதிவைத்துவிட்டு இறந்தார். சொத்து பெரும்பாலும் கோயில் தர்மங்களுக்கு. பின்னர் வழக்குகளில் சிக்கிப் பல பத்தாண்டுகள் கழித்து, நீதிமன்றத்தின் தலையீட்டால், தர்மங்களுக்குப் போக மிஞ்சிய பணம் கல்விக்குத் திருப்பப்பட்டது. 1842இல் சென்னையில் பள்ளிக்கூடம் வந்தது. பொதுத் தர்மம் என்றால் எழுதியவர் மறைந்த பிறகும் நீதிமன்றம் இப்படி அதன் வாய்க்காலைத் திருப்பிவிடும். தனிக் குடும்பத்துக்கான டிரஸ்டுக்கு அந்தச் சலுகை கிடைப்பது அரிது. சந்திராதித்தவரை நீடிக்கவும் அதற்கு உரிமை கிடையாது. இப்போது உயிரோடு இருப்பவரின் ஆயுள், அதற்கு மேல் அடுத்து வரும் பிள்ளை மேஜராகும் காலம், அதற்கு அப்பால் சொத்தைக் கட்டிவைக்கக் கூடாது என்பது சட்டம். எழுதியவர் நினைத்ததைவிட அதன் ஆயுள் குறைவு. எழுதிய வாசகமோ அவர் நினைத்ததைவிடக் கெட்டி.

எவ்வளவு கெட்டி என்பது பத்திரத்தின் நான்காம் பக்கத்தில் தெரிந்தது. பயனாளிகள்: இரண்டு மகன்களும் அவர்களுடைய ஆண் மக்களும். அப்போது எட்டு வயதான மகளுக்குத் திருமணச் செலவுக்கு 40,000 ரூபாயும் 25 பவுனும். அதோடு அவளுடைய உரிமை முடிந்தது. 1983இல் ஒரு தகப்பன் இதைக் கஞ்சத்தனமாக எழுதவில்லை. அந்த நாளில் அது தாராளம். ஊரில் பலரும் பெண்ணின் பெயரையே எழுதாமல் விட்டார்கள். மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. 2011இல் கணவரை இழந்து ஒரு பெண் குழந்தையோடு திரும்பி வந்தார். மாடியில் பின் போர்ஷனில் இருக்கிறார். பெரியவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் அவர்தான். தான் குடியிருக்கும் வீட்டில் தனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. பெரியவருக்கும் மறந்தே போயிருந்தது.

இங்கே பலரும் செய்யும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். நானும் அதையே செய்தேன். "அதான் பெண்களுக்குச் சமபங்கு வந்துவிட்டதே!" என்றேன். உண்மைதான். தமிழ்நாடு 1989இலும் கர்நாடகம் 1994இலும் மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு தந்தன. அந்தத் தேதிகளுக்கு முன்பே மணமானவர்களை மட்டும் விட்டுவிட்டன. 2005இல் மத்தியச் சட்டமே திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் இவையெல்லாம் பூர்வீகக் கூட்டுச் சொத்துக்கு. தானே சம்பாதித்ததை ஒருவர் டிரஸ்டாக எழுதிவிட்டால், அது பத்திரம் சொன்ன வழியில்தான் போகும். 30 வருடங்களில் சட்டம் மகள் பக்கம் மூன்று முறை நகர்ந்தது. பீரோவில் இருந்த 14 பக்கம் ஓர் எழுத்துகூட நகரவில்லை.

அடுத்த பக்கங்களில் வேறு வேடிக்கைகள். டிரஸ்டிகள் மூன்று பேர்: பெரியவர், அவர் மனைவி, அவர் தம்பி. எப்போதும் மூவர் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தம்பி 2009இல் காலமானார். அந்த இடத்துக்கு மூத்த மகன் வர வேண்டும் என்று பத்திரம் சொல்கிறது. மூத்த மகன் 1999 முதல் நியூ ஜெர்சியில் இருக்கிறார். தான் ஒரு டிரஸ்டி என்பதே அவருக்குப் புதுச் செய்தி. 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் இந்த விஷயத்தில் ஆச்சரியப்படும்படி முன்யோசனை கொண்டது. ஒரு டிரஸ்டி தொடர்ந்து ஆறு மாதம் இந்தியாவில் இல்லையென்றாலோ வெளிநாட்டில் குடியேறப் புறப்பட்டாலோ அவர் இடத்தில் வேறொருவரை நியமிக்கலாம் என்கிறது. விமானமே இல்லாத காலத்தில் எழுதிய விதி, வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கும் பெங்களூருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் டிரஸ்டிகள் எல்லோரும் சேர்ந்துதான் செயல்பட வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அப்படியானால் 2009க்குப் பிறகு இருவர் மட்டும் கையெழுத்துப் போட்ட கடை வாடகை ஒப்பந்தங்களின் கதி? வங்கி வக்கீல் கேட்டது அதைத்தான். லிப்ட் அங்கேயே நின்றது.

பணத்தை எங்கே போட வேண்டும் என்ற பகுதியைப் படித்தபோது எனக்கே வயதாகிவிட்டது போல இருந்தது. மிச்சப் பணத்தை 'யூனிட் 64' திட்டத்தில் முதலீடு செய்யும்படி எழுதியிருந்தது. நடுத்தர வர்க்கத்தின் குலதெய்வமாக இருந்த அந்தத் திட்டத்தை 2001 ஜூலையில் முடக்கினார்கள். பிறகு அது கடன் பத்திரங்களாக மாறி 2008இல் முதிர்ந்து கதை முடிந்தது. பத்திரம் மட்டும் அதை இன்னும் நம்பிக்கொண்டிருந்தது. பெரியவரைக் குறை சொல்லி என்ன பயன்? சட்டப் புத்தகமே, டிரஸ்ட் பணத்தைப் போடத் தக்க இடங்களின் பட்டியலில் ரங்கூன் நகர அமைப்புகளையும் கராச்சித் துறைமுகத்தையும் 2016இல் திருத்தும் வரை வைத்திருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் பத்திரம் பிறந்த காரணமே இப்போது இல்லை. 1983இல் ஒருவர் இறந்தால் அவர் விட்டுச்சென்ற சொத்துக்கு எஸ்டேட் டூட்டி என்ற வரி உண்டு. பெரிய சொத்துகளுக்கு அது 85 சதவீதம் வரை எட்டியது. அதற்குப் பயந்துதான் ஆடிட்டர்கள் வீடு வீடாக டிரஸ்ட் எழுதச் சொன்னார்கள். 1985 மார்ச்சில் அந்த வரி ஒழிந்தது. செல்வ வரியும் 2015இல் போயிற்று. ஆக, பெரியவர் எந்த வரிக்குப் பயந்து கட்டினாரோ அது இரண்டு வருடம்கூட நிற்கவில்லை. கட்டு மட்டும் நாற்பது வருடம் நின்றது. அன்றே யாராவது எடுத்துப் படித்திருந்தால், வேண்டுமா வேண்டாமா என்று கேட்க நால்வரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

சிறிய சொத்துக்காரர்களின் மறதி இது என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல வக்கீல்களுக்குப் பஞ்சமில்லாத குடும்பம் ஒன்றைப் பாருங்கள். காட்ஃப்ரே பிலிப்ஸ் சிகரெட் கம்பெனியின் தலைவராக இருந்த கே.கே. மோடி, 2014இல் லண்டனில் குடும்ப டிரஸ்ட் பத்திரத்தைப் புதுப்பித்து எழுதினார். மனைவி பீனா, மகள் சாரு, மகன்கள் லலித், சமீர் ஆகியோர் அதில் உறுப்பினர்கள். ஐ.பி.எல். கிரிக்கெட்டை உருவாக்கிய அதே லலித் மோடிதான். தந்தைக்குப் பின் நால்வரும் ஒருமனதாக முடிவெடுக்க வேண்டும். 30 நாளில் ஒருமனது வராவிட்டால் சொத்துகளை விற்று ஓராண்டுக்குள் பங்கிட வேண்டும் என்பது ஏற்பாடு. 2019 நவம்பரில் அவர் காலமானார். ஒருமனது இல்லை, விற்க வேண்டும் என்றார் லலித். அப்படி ஒரு நிலையே எழவில்லை என்றார்கள் மற்ற மூவரும்.

சண்டை வந்தால் சிங்கப்பூரில் மத்தியஸ்தம் என்றும் பத்திரத்தில் இருந்தது. லலித் அங்கே போனார். மற்றவர்கள் டில்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். காரணம் 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு. டிரஸ்ட் சட்டத்தின் கீழ் வரும் சண்டைகளை மத்தியஸ்தருக்கு அனுப்ப முடியாது, நீதிமன்றம்தான் தீர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். பத்திரம் எழுதி இரண்டு வருடத்தில், அதை எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே வந்த தீர்ப்பு அது. டில்லியில் தனி நீதிபதி ஒருவிதமாகவும் இரு நீதிபதிகள் அமர்வு இன்னொரு விதமாகவும் சொல்லி, வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியது. தாயும் மகனும் சமரசம் பேசட்டும் என்று அங்கே ஓய்வுபெற்ற நீதிபதிகளை நியமித்தார்கள். 2016 தீர்ப்பு வந்த வாரம் யாராவது அந்த ஒரு ஷரத்தை எடுத்துப் பார்த்திருந்தால் சண்டையே வந்திராது என்று நான் சொல்ல மாட்டேன். எங்கே போய்ச் சண்டை போடுவது என்பதற்கே ஒரு சண்டை மிச்சமாகியிருக்கும்.

நேர் எதிர் உதாரணமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1911இல் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பம் நான்கு கிளைகளாகப் பரந்தது. ஒவ்வொரு கிளையும் தனித்தனிக் கம்பெனிகளை நடத்தியது. பங்குகளின் உரிமையோ பொதுவான குடும்பக் கம்பெனிகளில் பின்னிக் கிடந்தது. 2020 டிசம்பரில் உட்கார்ந்து குடும்ப ஏற்பாடு ஒன்றை எழுதினார்கள். கம்பெனிகள் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு 2022 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. யார் எதை நடத்துகிறாரோ அது அவருக்கே உரிமை என்பதுதான் அதன் அடிப்படை. அது டிரஸ்ட் இல்லை, கோடிகளின் கணக்கு என்பது வாஸ்தவம். ஆனால் நடப்பும் காகிதமும் வேறு வேறாகப் போய்க்கொண்டிருப்பதைக் கண்டு, சண்டை வரும் முன் காகிதத்தை நடப்புக்கு இழுத்துவந்தார்கள். பெரியவர் வீட்டில் நடப்பு என்பது மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மகள்.

"மாத்திட்டாப் போச்சு. நான் எழுதினதுதானே?" என்றார் பெரியவர். வக்கீலிடம் கூடப் போனேன். அவர் காட்டிய வரியை நான் ஏற்கெனவே மொழிபெயர்த்திருந்தேன். பொருள் மட்டும் அப்போதுதான் உறைத்தது. 'ரத்து செய்ய முடியாத' டிரஸ்ட் அது. ரத்து செய்யும் உரிமையை எழுதும்போதே தனக்கென்று ஒதுக்கிக்கொண்டிருந்தால்தான் எழுதியவரால் திரும்ப எடுக்க முடியும். இல்லையென்றால், பயனாளிகள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். அத்தனை பேரும் ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர்களாகவும் இருக்க வேண்டும். பயனாளிகள்: நியூ ஜெர்சி மகன், அவருடைய 24 வயதுப் பையன், கோயம்புத்தூரில் இருக்கும் இளைய மகன், அவருடைய 15 வயதுப் பையன். கடைசிப் பெயர்தான் சிக்கல். மைனரால் சம்மதம் சொல்ல முடியாது. அவன் அப்பாவும் அவனுக்காகச் சும்மா கையெழுத்துப் போட்டுவிட முடியாது. பயனாளிகள் சேர்ந்து டிரஸ்டியின் வழியை மாற்றும்போது, மைனருக்காகச் சம்மதிக்கும் அதிகாரம் சிவில் நீதிமன்றத்துக்கு உண்டு. அல்லது அவனுக்கு 18 ஆகும் வரை காத்திருக்க வேண்டும்.

"மூணு வருஷம்" என்றார் வக்கீல்.

"எனக்கு 82 சார்" என்றார் பெரியவர்.

அவர் வயதைச் சொன்னாரே ஒழிய, அதைவிட நுட்பமான கெடு ஒன்று உண்டு. ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மருத்துவமனையைக் கடக்கும்போதெல்லாம், பெற்றோரைக் கைபிடித்து அழைத்துவரும் நடுவயதுப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அப்பாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்று ஒரு டாக்டர் சீட்டில் எழுதிவிட்டால், அதற்குப் பிறகு அவர் போடும் ஒவ்வொரு கையெழுத்தையும் எதிர்த் தரப்பு வக்கீல் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். பத்திரத்தை எப்போது எடுத்துப் படிப்பது என்று கேட்பவர்கள் ஐந்து வருடம், மூன்று வருடம் என்று ஒரு கணக்கை எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. காரை சர்வீசுக்கு விடுவது போல யாரும் செய்யப் போவதில்லை. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் வாரம், சாவுக்கு வந்தவர்கள் கருமாதி முடிந்து ஊர் திரும்பும் முன், பிள்ளைக்கு விசா வந்த அன்று, ஒரு குழந்தைக்கு ஆயுள் முழுதும் துணை தேவைப்படும் என்று டாக்டர் சொன்ன மாதம், பத்திரத்தில் குறித்த சொத்து ஒன்றை விற்ற நாள், வரிச் சட்டமோ வாரிசுச் சட்டமோ மாறிய செய்தி பேப்பரில் வந்த காலை என்று குடும்பமே நாள் குறித்துக் கொடுக்கிறது. பெரியவர் வீட்டில் 1985, 1994, 1999, 2001, 2005, 2009, 2011 என்று ஏழு முறை கூப்பிட்டது. பீரோ சாவி அம்மாவிடம், பத்திரம் ஆங்கிலத்தில்.

புதிதாக எழுதுபவர்களுக்கு வக்கீல் சொன்ன ஒன்றையும் இங்கே சேர்க்கிறேன். திருத்தும் அதிகாரத்தைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். யார், எதை, எவ்வளவு வரை திருத்தலாம் என்று. ஆனால் எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்குத் திரும்ப எடுக்கும்படி எழுதினால், வருமான வரித் துறை அந்த வருமானத்தை அவருடையதாகவே கணக்கிடும். இந்த நெளிவுசுளிவுகளுக்கு என்னைப் போன்ற தமிழ் எம்.ஏ. போதாது. பணம் கொடுத்து வக்கீலையும் ஆடிட்டரையும் ஒரே அறையில் உட்கார வையுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒருவர் கட்டியதை மற்றவர் அவிழ்ப்பார்.

பெரியவர் இரண்டு வேலை செய்தார். டிரஸ்டுக்கு வெளியே அவர் பெயரில் ஓசூரில் ஒரு மனையும் வங்கியில் டெபாசிட்டும் இருந்தன. அவற்றை மகளுக்கு என்று அந்த வாரமே உயில் எழுதிப் பதிவு செய்தார். அதற்கு யார் சம்மதமும் வேண்டாம். இன்னொன்று நீதிமன்ற மனு: மகளையும் பேத்தியையும் பயனாளிகளாகச் சேர்க்க. இளைய மகன் உடனே கையெழுத்துப் போட்டார். நியூ ஜெர்சியிலிருந்து பதில் வர நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் அந்த வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மகள் வழக்கம்போல மாத்திரை எடுத்துக் கொடுத்தார். கடைசியில் சம்மதம் வந்தது. மூன்றாவது டிரஸ்டியாகவும் மகளையே போடலாம் என்று அவராகவே எழுதியிருந்தார்.

மொழிபெயர்ப்பை அம்மாவுக்குப் படித்துக் காட்டியது நான்தான். கூடத்தில் மகளும் இருந்தார். நான்காம் பக்கம் வந்ததும் குரலைத் தாழ்த்தலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு அப்படியே படித்தேன். 40,000 ரூபாய், 25 பவுன், அதோடு முடிந்தது. அம்மா கையை நீட்டி மூலப் பத்திரத்தை வாங்கி, அந்தப் பக்கத்தின் அடியில் தமிழில் கோணலாக இருந்த கையெழுத்தைப் பார்த்தார். 1983இல் அவருக்கு 35 வயது.

"இது என் கையெழுத்துதான்" என்றார். பிறகு கணவரைப் பார்த்து, "அன்னைக்கே படிச்சுக் காட்டியிருக்கலாமில்ல?" என்றார்.

பெரியவர் என் பக்கம் திரும்பி, தமிழ்ப் பிரதி இன்னும் மூன்று வேண்டும் என்றார்.